சும்மா தொட்டிக்கு இராகுகாலம் இல்லை

மீன் அறைக்குப் புதிதாக வந்து சேர்ந்திருக்கும் உங்களுக்கு இங்குள்ள வழக்கம் ஒன்று விசித்திரமாகப் பட்டிருக்கும். திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு உங்கள் பொறுப்பாளர் இரண்டு தொட்டிகளுக்கும் நடுவில் வந்து நிற்பார். வலது கையால் ஒரு தடுப்பையும் இடது கையால் மற்றத் தடுப்பையும் பிடித்து, இரண்டையும் ஒரே இழுப்பில் மேலே எடுப்பார். பக்கத்தில் யார் நின்றாலும் கை வைக்க விடமாட்டார். ஏன் என்று கேட்டால், "அது அப்பிடித்தான்" என்பதோடு கதை முடிந்துவிடும். அவர் சொல்லாததை நான் சொல்கிறேன். ஓய்வுபெற்றவளுக்கு உள்ள ஒரே வசதி, இனி யாரும் வாயைப் பொத்தச் சொல்ல முடியாது என்பதுதான்.

நாங்கள் வளர்ப்பது சீப்ரா மீன். சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது, உடம்பில் நீலக் கோடு போட்டிருக்கும். ஆணையும் பெண்ணையும் ஒரே தொட்டியில் நடுவில் தடுப்புப் போட்டு முதல்நாளே விட்டுவைப்போம். விடிந்தபின் தடுப்பை எடுத்தால் சற்று நேரத்தில் முட்டை கிடைத்துவிடும். முட்டை பளிங்கு மாதிரி இருப்பதால், உள்ளே முளையம், அதாவது மீன் கரு, உருவாவதை நுணுக்குக்காட்டியில் ஒளிவுமறைவில்லாமல் பார்க்கலாம்.

முளையத்தின் முதல் நாளில் என்ன நடக்கிறது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இருந்தாலும் சொல்வேன், பழக்கதோஷம். மஞ்சள் கருவின் உச்சியில் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் கலங்கள், செல்கள் என்பார்களே அவை, ஒரு படலமாகக் கீழே சறுக்கி இறங்கும். பாதி வழியில், படலத்தின் விளிம்பில் உள்ள சில கலங்கள் திரும்பி உள்ளே புகுந்துவிடும். அவை உள்ளே போன கையோடு, மேலே இருக்கும் படலம் ஒரு பக்கமாகத் திரளத் தொடங்கும். அந்தப் பக்கம்தான் பிறகு மீனின் முதுகு. கட்டில் விரிப்பின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகினால் மேலே கிடப்பதும் இழுபட்டு வருகிறதல்லவா, அப்படித்தான் இதுவும் என்பது ஒரு கட்சி. இல்லை, மற்றவை நெருக்கித் தள்ளுவதால்தான் இவை உள்ளே விழுகின்றன என்பது எதிர்க்கட்சி. உள்ளே போகும் கலங்கள் இழுக்கின்றனவா, தள்ளப்படுகின்றனவா? அப்போது எங்கள் ஆய்வுகூடத்தின் பெரிய கேள்வி அதுதான்.

அந்தக் கேள்வியைக் கையில் எடுத்தவள் வாசுகி. பருத்தித்துறையில் இருந்து தினமும் பஸ்ஸில் வருகிற ஆராய்ச்சி மாணவி. அதிகம் பேசமாட்டாள், ஆனால் நுணுக்குக்காட்டி எடுத்த முளையப் படம் ஓடும்போது கண்ணை எடுக்கமாட்டாள். அவளுக்கு வெளிநாட்டில் மேற்படிப்புக்கு ஓர் இடம் கிடைக்கும் நிலையில் இருந்தது. எல்லாம் சரி, துறைத் தலைவரின் சிபாரிசு மட்டும்தான் பாக்கி. கடைசித் திகதியும் நெருங்கிக்கொண்டிருந்தது. நான் அவளுக்கு இரண்டாவது மேற்பார்வையாளர். முதலாவது, தலைவர்.

தலைவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். பெயர் வேண்டாம், அவருக்கு இருக்கிற பட்டங்களை எழுதினாலே பக்கம் முடிந்துவிடும். எங்கள் ஊரில் இரண்டு பஞ்சாங்கம் உண்டல்லவா, வாக்கியம், திருக்கணிதம் என்று. பெரும்பாலானவர்கள் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதைத் திட்டுவார்கள். இவர் இரண்டையும் வாங்கி, இரண்டிலும் நல்லது என்று இருந்தால்தான் காலை எடுத்து வெளியே வைப்பார். புதுக் குளிர்சாதனப் பெட்டி வந்து, நல்ல நேரத்துக்காகக் காத்து, இரண்டு நாள் பெட்டியோடு வராந்தாவில் கிடந்தது. அதற்குள் போகவேண்டிய மருந்துகள் ஐஸ் போட்டு வாளிக்குள் கிடந்தன.

வாசுகியின் பரிசோதனை எளிமையானது. "உள்ளே போ" என்று விளிம்புக் கலங்களுக்குக் கட்டளை போகிற வழியை அடைக்கும் மருந்து ஒன்று இருக்கிறது. ஒரு தொட்டி முட்டைகளுக்கு அந்த மருந்து. மற்றத் தொட்டி முட்டைகளுக்கு ஒன்றும் இல்லை, அது ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. மருந்து விட்ட தொட்டிக்கு எங்கள் துறையில் "விசேஷத் தொட்டி" என்று பெயர். மற்றதற்கு "சும்மா தொட்டி". இந்தப் பெயர்களைக் கேட்ட அன்றே எங்களுக்கு உறைத்திருக்க வேண்டும்.

மூன்று திங்கட்கிழமைகள் செய்தாள். மூன்று முறையும் ஒரே முடிவு. சும்மா தொட்டி முளையங்களில் படலம் சறுக்கி இறங்கியது, விளிம்புக் கலங்கள் உள்ளே போயின, படலம் ஒரு பக்கமாகத் திரண்டது. விசேஷத் தொட்டி முளையங்கள் அப்படியே குந்திக்கொண்டிருந்தன. இறங்கவும் இல்லை, திரளவும் இல்லை. பக்கத்தில் பக்கம் வைத்து எடுத்த படம், பார்ப்பவர் வாயைப் பிளக்கவைக்கும்.

தலைவர் வாயைப் பிளந்ததோடு நிற்கவில்லை, நோட்டீசும் அடித்துவிட்டார். உள்ளே போகிற அந்தச் சில கலங்கள் இல்லாவிட்டால் முளையமே அசையாது என்பதை அவர் தன்னைப் பற்றிய கண்டுபிடிப்பாகவே எடுத்துக்கொண்டார். "தலைமைத்துவம் எண்டது கரு மட்டத்திலேயே தொடங்குது" என்று தேநீர் வேளையில் எல்லாருக்கும் விளக்கினார். அந்தக் கலங்கள் சத்தம் போடாமல் உள்ளே போய் ஒருவர் கண்ணிலும் படாமல் வேலை செய்கின்றன, மாலை மரியாதை கேட்பதில்லை என்று நான் சொன்னேன். எனக்கு வடை வரவில்லை.

வெள்ளிக்கிழமை விழா என்று முடிவானது. பேச்சுகள், வாசுகியின் படம், இறுதியில் தலைவருக்குப் பொன்னாடை. நாற்சந்தியில் பதாகை கட்டினார்கள். பதாகையில் தலைவர் முக்கால் பங்கு, முளையம் ஒரு மூலையில். அதையும் தலைகீழாக அச்சடித்திருந்தார்கள்.

விழாவுக்கு முந்திய திங்கட்கிழமை வாசுகி நாலாவது தடவை செய்தாள். வழமையாக மூன்றரைக்குப் படத்தை நிறுத்திவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவாள். அன்று பக்கத்திலேயே, அரியாலையில் அக்கா வீட்டில் நின்றாள், அக்காவுக்குப் பிள்ளை பிறந்திருந்தது. பஸ் அவசரம் இல்லாததால் படத்தை ஓடவிட்டாள். ஐந்து மணி தாண்டி என் அறை வாசலில் வந்து நின்றபோது அவள் முகத்தில் இரத்தமே இல்லை.

"மேடம், விசேஷத் தொட்டியும் அசையுது."

"எது அசையுது? வடிவாச் சொல்லும்."

"படலம் இறங்குது மேடம். மற்றது எப்பிடி இறங்கினதோ அதே மாதிரி. ஆனா பிந்தி இறங்குது. நான் இவ்வளவு நாளும் அதுக்கு முதலே படத்தை நிப்பாட்டிப்போட்டுப் போயிட்டன்."

"எவ்வளவு பிந்துது?"

"ஒண்டரை மணித்தியாலம்."

யாழ்ப்பாணத்தில் வளர்ந்த ஒருவருக்கு ஒன்றரை மணித்தியாலம் என்றால் ஞாபகம் வருவது ஒன்றே ஒன்றுதான். நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"இண்டைக்கு என்ன கிழமை, பிள்ளை?"

"திங்கள்," என்றாள். பிறகு மெல்லக் கதிரையில் இருந்துவிட்டாள். "ஐயோ மேடம். ஏழரையிலயிருந்து ஒன்பது."

நடந்தது இதுதான். சும்மா தொட்டியின் தடுப்பை மீன் அறை உதவியாளர் வேலைக்கு வந்த உடனே, ஏழரைக்கு முன்னமே, எடுத்துவிடுவார். அதை யாரும் கவனிப்பதில்லை. விசேஷத் தொட்டியின் தடுப்பைத் தலைவர் தன் கையால்தான் எடுப்பார். திங்கட்கிழமை இராகுகாலம் ஏழரை முதல் ஒன்பது வரை. அது கழிந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, கிழக்கைப் பார்த்து நின்று எடுப்பார். வாசுகி முட்டை எடுக்க மீன் அறைக்கு வரும்போது இரண்டு தொட்டியிலும் முட்டை இருக்கும், இரண்டும் காலை முட்டை. மருந்தும் மண்ணாங்கட்டியும் வேறு விஷயம். விசேஷத் தொட்டி முளையங்கள் ஒன்றரை மணித்தியாலம் இளையவை, அவ்வளவுதான். மூத்த பிள்ளை நடக்கிறது, இளையது தவழ்கிறது என்று நாங்கள் படம் எடுத்து, அதற்குப் பதாகையும் கட்டியிருந்தோம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், தலைவர் நேரம் பார்ப்பது துறையில் எல்லாருக்கும் தெரியும். "மீனுக்குக் கலியாணம், சேர் முகூர்த்தம் பாக்கிறார்" என்று ஆளுக்காள் சொல்லிச் சிரித்தோம். ஒன்றைப் பார்த்துச் சிரித்துவிட்டால் அதைப் பற்றி யோசித்து முடித்துவிட்டதாக நினைப்பது படித்தவர்களுக்கு உள்ள வியாதி. முளையத்தின் வயதை அதன் உருவத்தைப் பார்த்தே சொல்லலாம். இத்தனை பட்டம் வைத்திருந்த இத்தனை பேரில் ஒருவருக்கும் அதைப் பார்க்கத் தோன்றவில்லை. படம் அவ்வளவு அழகாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை வாசுகி தலைவரிடம் போனாள். நானும் கூடப் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டார். அவர் பொறுமையாகக் கேட்டால் ஆபத்து என்று அர்த்தம்.

"உதெல்லாம் சின்ன விஷயம் பிள்ளை. ஒண்டரை மணித்தியாலத்தில என்ன வந்தது? நீர் பயப்பிடாதையும். விழா முடியட்டும், பிறகு ஆறுதலாப் பாப்பம்."

"சேர், எல்லாம் நிண்டுபோகும் எண்டு நாங்கள் சொல்லுறது பிழை. படலம் இறங்குது."

"பிழையெண்டு ஆர் சொன்னது? நீர்தானே எடுத்த படம்!"

பிறகு குரலைத் தாழ்த்தி, "உம்மடை சிபாரிசும் எழுதோணும். வாற திங்கள் ஞாபகப்படுத்தும்" என்றார். பல்லைக் காட்டாமல் கடிக்கிற வித்தையை நான் அவரிடம்தான் பார்த்தேன்.

வெளியே வந்ததும் வாசுகி கேட்டாள், "இப்ப என்ன செய்யிறது மேடம்?"

இந்த இடத்தில், "உண்மையைச் சொல் மகளே" என்று நான் முழங்கியதாக எழுதினால் உங்களுக்கு நன்றாக இருக்கும். நான் அப்படிச் சொல்லவில்லை. போகப்போவது அவளுடைய இடம், என்னுடையதல்ல. அடுத்தவருடைய எதிர்காலத்தைப் பணயம் வைத்து நேர்மை பேசுவது சுகமான வேலை, அதற்கு எங்கள் துறையில் ஏற்கனவே ஆட்கள் இருந்தார்கள். நான் சொன்னது ஒன்றுதான்: "முதல்ல என்ன உண்மை எண்டு பாப்பம். சொல்லுறதா விடுறதா எண்டு பிறகு பாப்பம். உமக்கு இப்ப அதுவும் தெரியாது, இதுவும் தெரியாது."

மருந்து இன்னும் ஒரு தடவைக்குத்தான் காணும். புதன்கிழமை காலை வாசுகி தொட்டிகளுக்கு நடுவில் நின்று இரண்டு கையாலும் இரண்டு தடுப்பையும் ஒன்றாக இழுத்தாள். தண்ணீர் அவள் முகத்தில் தெறித்தது. துடைக்கக்கூட இல்லை. மருந்து விடும் நேரம், பாத்திரம், விளக்கு, வெப்பம், எல்லாம் இரண்டுக்கும் ஒன்று. பிற்பகல் முழுவதும் இருவரும் திரையின் முன்னால் இருந்தோம். பருத்தித்துறை பஸ் போயிற்று, அவள் எழும்பவில்லை.

இரண்டு பாத்திரத்திலும் படலம் ஒரே நேரத்தில் சறுக்கி இறங்கத் தொடங்கியது. அவள் தோள் தளர்ந்துவிட்டது. "ஒண்டுமில்லை மேடம். ஒரு வித்தியாசமும் இல்லை" என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நான்கு மாத வேலை, ஒன்றும் இல்லை. எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது.

பிறகு மருந்தில்லாத பாத்திரத்தில் விளிம்புக் கலங்கள் உள்ளே திரும்பின. மேலே படலம் ஒரு பக்கமாக இழுபட்டுத் திரளத் தொடங்கியது, வழமைபோல. மருந்துப் பாத்திரத்தில் படலம் இறங்கிக்கொண்டே இருந்தது, ஆனால் திரளவில்லை. ஒரு பக்கமும் சாயாமல், எங்கே போவதென்று சொல்ல ஆளில்லாமல், சும்மா கீழே போய்க்கொண்டிருந்தது. ஐந்து மணியானது, ஆறானது. திரளவே இல்லை.

வாசுகி எழும்பி நின்றாள். "மேடம், ரெண்டும் வேற வேற! இறங்கிறதுக்கு உள்ள போறவை தேவையில்லை. திரளுறதுக்குத்தான் தேவை. இழுக்கிறது திரளுறதை மட்டும்தான்!"

பழைய படத்தை விட இது எவ்வளவோ பெரிய விஷயம் என்பது உங்களுக்கு விளங்கும். எல்லாம் நின்றுபோனால் அதிலிருந்து ஒன்றும் தெரியாது. மருந்தில் முளையம் செத்துப்போயிற்றோ என்றுகூடச் சந்தேகப்படலாம். ஒரு நகர்வு தொடர்ந்து மற்றது மட்டும் நின்றால்தான், எது எதை இழுக்கிறது என்று பிரித்துச் சொல்லலாம். பொய்ப் படம் வடிவாக இருந்தது. உண்மைப் படத்தில் விஷயம் இருந்தது. நான் அந்தப் பிள்ளையைக் கட்டிப்பிடித்தேன், வெட்கப்படாமல் சொல்கிறேன்.

வியாழக்கிழமை தலைவர் புதுப் படத்தைப் பார்த்தார். "நல்லது. இதை உம்மடை ஆய்வேட்டிலை போடும். நாளைக்குப் பழசைப் போடும்" என்றார். பதாகை அடித்தாயிற்று, "அசைவை ஆளும் கலங்கள்" என்று. பாதி அசைவை ஆளும் என்று திருத்திப் பதாகை கட்ட முடியுமா?

வெள்ளிக்கிழமைக்கு இன்னொரு சிக்கல். வெள்ளி இராகுகாலம் பத்தரைக்குத் தொடங்கும். ஒன்பதரைக்குத் தொடங்கிய விழாவில் வாழ்த்துரை, ஆசியுரை, சிறப்புரை என்று வந்தவர் எல்லாரும் தலைவரின் இளமைக்காலத்திலிருந்து தொடங்கினார்கள். பத்து மணி தாண்டியும் அவர் இன்னும் பாடசாலையில் படித்துக்கொண்டிருந்தார். மேடையில் இருந்த தலைவர் மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து நெளிந்தார். கடைசியில் அறிவிப்பாளரைக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னார். நிகழ்ச்சி நிரல் மாறியது. முதலில் பொன்னாடை, பிறகு படம்.

இராகுகாலத்துக்குச் சில நிமிடங்கள் இருக்கையில் நாதஸ்வர ஒலிநாடா முழங்கப் பொன்னாடை போர்த்தப்பட்டது. ஒருவரும் இன்னும் கண்ணால் காணாத கண்டுபிடிப்புக்குக் கைதட்டல் மண்டபத்தை அதிரவைத்தது. அதன் பிறகு, நல்ல இராகுகாலத்தில், வாசுகி மேடைக்கு வந்தாள்.

முதல்நாள் அவளிடம் நான் சொன்னது, "நீர் எந்தப் படத்தைப் போட்டாலும் நான் முன்வரிசையில இருப்பன்" என்பது மட்டும்தான். எதைப் போடப்போகிறாள் என்று எனக்கும் தெரியாது. அவள் ஒலிவாங்கியைத் தன் உயரத்துக்கு இறக்கினாள்.

"இவ்வளவு நாளும் நாங்கள் காட்டின படம் பிழை," என்றாள். "ரெண்டு தொட்டி முட்டைக்கும் வயது வேற. அது எங்களுக்குத் தெரியாமல் போச்சு. புதன்கிழமை ஒரே நேரத்தில எடுத்த படத்தை இப்ப போடுறன்."

யாருடைய பஞ்சாங்கத்தையும் அவள் இழுக்கவில்லை. "எங்களுக்கு" என்றுதான் சொன்னாள். எனக்கென்றால் அவ்வளவு பெருந்தன்மை வந்திருக்காது. படம் ஓடியது. முடியுமுன்னே தலைவர் எழும்பினார். "பிள்ளைக்குக் கொஞ்சம் பதட்டம். பழைய படத்தை..." என்று தொடங்கினார்.

நான் இருந்த இடத்திலிருந்தே சொன்னேன், "வாசுகி, பின்னுக்கு இருக்கிறவைக்குத் தெரியேல்லை. இன்னொருக்கா முழுசாப் போடும்."

அவள் முழுசாகப் போட்டாள். பிரதம விருந்தினர், விலங்கியலுக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்று தன் உரையிலேயே ஒப்புக்கொண்ட நல்ல மனிதர், ஒலிவாங்கியைப் பிடித்துக் கேட்டார்: "அப்ப தங்கச்சி, சேர் கண்டுபிடிச்சது சரியோ, பிழையோ?"

வாசுகி திரையைக் காட்டினாள். "திரளுற விஷயம் சரி ஐயா. இறங்கிற விஷயம் பிழை."

"அப்ப பொன்னாடையில அரைவாசியைத் திருப்பிக் குடுக்கவேணும்" என்றார் அவர், பகிடியாக. மண்டபம் சிரித்தது. வெள்ளி வெக்கையில் பட்டுச் சால்வைக்குள் தலைவர் வியர்த்துக்கொண்டு நின்றார். கழற்றவும் முடியாது, போட்டுக்கொண்டு நிற்கவும் முடியாது. மூக்குடைபடுவதைப் பார்த்துச் சந்தோஷப்படக் கூடாது என்று சொல்வார்கள். நான் சந்தோஷப்பட்டேன்.

அந்தச் சந்தோஷத்துக்கு விலை கொடுத்தது நான் அல்ல. திங்கட்கிழமை வாசுகி சிபாரிசை ஞாபகப்படுத்தினாள். நல்ல நாள் பார்த்து எழுதுவதாகத் தலைவர் சொன்னார். கடைசித் திகதி வரையில் இரண்டு பஞ்சாங்கத்திலும் ஒரு நல்ல நாளும் வரவில்லை. நான் எழுதி அனுப்பிய சிபாரிசு போதாது, தலைவர் ஒப்பம்தான் வேண்டும் என்று அந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தார் சொல்லிவிட்டார்கள். அந்த இடம் போய்விட்டது. பிந்தி எல்லாம் சரியாகிவிட்டது என்று மற்றவர்கள் சொல்வார்கள். எனக்கு அது இன்றும் ஆறவில்லை.

அவள் கொழும்பில் படிப்பை முடித்தாள். புதன்கிழமைப் படம்தான் அவளுடைய ஆய்வேட்டின் முதுகெலும்பு. பிறகு இங்கேயே திரும்பி வந்தாள். உங்கள் பொறுப்பாளர் டொக்டர் வாசுகி அவள்தான். இப்போது எல்லாரும் மீன் முட்டை இடுமுன்பே முகநூலில் முடிவைப் போடுகிற காலம். இராகுகாலம் பார்க்கிறவர் குறைந்துவிட்டார் என்று நினைக்கிறோம். ஆனால் ஒன்றை விசேஷமாகவும் மற்றதைச் சும்மாவாகவும் நடத்துகிற புத்தி அப்படியேதான் இருக்கிறது. உங்களுக்குப் பிடித்த தொட்டிக்கு நீங்கள் காட்டுகிற கவனத்தில்தான் உங்கள் பிழை முட்டை இடும்.

போன மாதம் அவளைப் பார்க்கப் போனபோது கேட்டேன். "ரெண்டையும் ஒண்டா இழுக்கிறது சரி. அதென்ன திங்கட்கிழமை சரியா ஏழரைக்கு? எட்டுக்கு இழுத்தாலும், பத்துக்கு இழுத்தாலும் மீனுக்கு ஒண்டுதானே? ஆரோடை கோபம்?"

"ஆரோடையும் கோபம் இல்லை மேடம்," என்றாள். "ஏழரைக்கு இழுத்தால், அந்த நேரம் ஆர் உள்ளுக்கு வாறேல்லை எண்டு பாக்கலாம்."

போன திங்கட்கிழமை, பருத்தித்துறை பஸ் பிந்திப்போச்சு என்று சொல்லிக்கொண்டு, உங்களில் இரண்டு பேர் ஒன்பது மணி வரைக்கும் கன்ரீனில் பிளேன்ரீ குடித்துக்கொண்டு நின்றீர்களாம். பருத்தித்துறை பஸ் எத்தனை மணிக்கு வருகிறது என்று அவளுக்கு நீங்கள் சொல்லவேண்டாம்.